வரலாற்றில் இன்று, நான்காம் மாடியில்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைப் பத்திரிகை ஒன்று 'வரலாற்றில் இன்று' பத்திக்கு நவம்பர் ஒன்பதை எனக்கு ஒதுக்கியது. பெர்லினில் இத்தனை வருடமாகக் குப்பை கொட்டுகிறீர்கள், உங்களை விட்டால் யார் எழுதுவார்கள் என்று ஆசிரியர் ஐஸ் வைத்தார். நானும் உருகிவிட்டேன்.

ஜெர்மானியர்களுக்கு அது தலையெழுத்து நாள். 1918இல் அன்றுதான் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. 1923இல் அன்றுதான் நாஜிகள் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றார்கள். 1938இல் அன்றைக்குத்தான் நாடு முழுக்க யூதர்களின் தொழுகைக் கூடங்களையும் கடைகளையும் கொளுத்தினார்கள். 1989இல் அதே தேதியில் பெர்லின் சுவர் திறந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒரு நாடே வருடத்தில் ஒரு நாள் முழித்துக்கொண்டு நிற்கிறது.

இவ்வளவுதான் பத்தி. அனுப்பிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதானே? விரல் கேட்கவில்லை. நான்கு செய்திகளுக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்றைத் தட்டியது: 1964, குட்ரூன் நோவாக் பிறந்தார். அழித்தேன். அது மறுபடி வந்து உட்கார்ந்தது. அந்த வரி இல்லாமல் பத்தியை அனுப்பிவிட்டேன். மிஞ்சிய அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நிம்மதியில்லாமல் இதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: அறுபது வயது நிறைந்த காலையில் குட்ரூன் ஜன்னலைத் திறந்தபோது பெர்லின் வானம் சாம்பல் நிறத்தில்—

வேண்டாம். நவம்பரில் இங்கே வானம் சாம்பல் நிறம் என்று எழுதுவது இட்லி வெள்ளை என்று எழுதுவதுபோல.

இரண்டாவது தொடக்கம்: தன் பிறந்தநாளைத் திருடிக்கொண்ட வரலாற்றை அவர் ஒருபோதும்—

இதுவும் வேண்டாம். முதலாவது, யாரும் திருடவில்லை. இரண்டாவது, குட்ரூன் இப்படியெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை. நகராட்சி நீச்சல்குளத்தில் டிக்கெட் கிழிப்பவர். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுபவர். 'வரலாறு' என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை.

மூன்றாவது தொடக்கம், கீழ்வாசலில் ஒட்டிய தாள். வம்பு தொடங்கியது அங்கேதான், அங்கிருந்தே போகலாம்.

3

பெர்லின் குடியிருப்புகளில் விருந்து வைக்கிறவர்கள் சில நாள் முன்னதாகவே மாடிப்படிக்குக் கீழே ஒரு தாள் ஒட்டிவிடுவார்கள். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் நீங்களும் வந்துவிடுங்கள் என்று. குட்ரூனும் ஒட்டினார். "அன்புள்ள அக்கம்பக்கத்தாரே, நவம்பர் ஒன்பது, சனிக்கிழமை மதியம், நான்காம் மாடியில் கொண்டாட்டம். காப்பி உண்டு, கேக் உண்டு, பாட்டும் உண்டு. கதவு திறந்தே இருக்கும். ஜி. நோவாக்."

பிறந்தநாள் என்று அதில் எழுதவில்லை. மறதி இல்லை, பயம். இந்த ஊரில் பிறந்தநாளுக்கு முன்னதாக வாழ்த்தினால் ஆகாது, கெடுதல் வரும். சாமி பூதம் எதுவும் இல்லாமல் வளர்ந்தவர் குட்ரூன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசைந்து கொடுக்க மாட்டார். கட்டடத்தில் இப்போது பாதிப் பேர் வெளியூர், வெளிநாடு. விவரம் தெரியாமல் படியிலேயே எவராவது கையைப் பிடித்து வாழ்த்தித் தொலைத்துவிட்டால் என்ன செய்வது? அன்றைக்கு வருகிறவர்களுக்கு வாசலில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

[அடிக்குறிப்பாகக் கொள்க: இரண்டாம் மாடியில் ஒரு தமிழ் ஆசாமி உண்டு. வந்த புதிதில் ஒருவருக்கு 'அட்வான்ஸ் ஹேப்பி பர்த்டே' சொல்லிவிட்டு, அவர் பதறிப்போய், கெடுதல் விலக மரக்கதவைத் தட்டியதை வாய் பிளந்து பார்த்தவர். அந்த நவம்பரில் ஊரில் இல்லை. கதைக்கு உதவாத ஆள், எடுத்துவிட்டேன்.]

மறுநாள் அந்தத் தாளின் அடியில் அழகான சாய்வெழுத்தில் ஒரு குறிப்பு சேர்ந்திருந்தது. முதல் மாடி ஹெர் வெஸ்லிங்கின் கையெழுத்து. (ஹெர் என்றால் திரு, ஃப்ராவ் என்றால் திருமதி.) "அதே நாள் ஐந்து மணிக்கு இந்த வாசலில் ஹெட்விக் சாடெக்கையும் அவர் மகள் லில்லியையும் நினைவுகூர்கிறோம். இந்த வீட்டில் இந்த நாளில் பாட்டு பொருத்தமா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்வோம்."

அதன் கீழே, மூன்றாம் மாடி இளம் ஜோடி: "சுவர் விழுந்த நாளைக் கொண்டாடாமல் வேறு எதைக் கொண்டாடுவது? நாங்கள் வருகிறோம்." அதற்கும் கீழே, பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருந்தது: "சுவர் விழுந்ததில் என் வேலையும் விழுந்தது. நான் வரவில்லை." கடைசியில் ஒருவர், எதற்கும் சம்பந்தமில்லாமல், படிக்கட்டில் சைக்கிள் நிறுத்தாதீர்கள் என்று எழுதியிருந்தார்.

குட்ரூன் தினமும் வேலைக்குப் போகும்போது நின்று படித்தார். தேதியைப் பார்த்ததுமே எல்லோரும் தத்தம் வருடத்துக்கு ஓடிவிட்டார்கள். மாடி ஏறி வந்து என்ன விசேஷம் என்று கேட்க ஒரு கால்கூட இல்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதியிருக்கலாம். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கேட்டால் சொல்வேன், கேட்காதவர்களுக்கு நான் எதற்கு ஒப்பிக்க வேண்டும் என்று இருந்துவிட்டார்.

4

ரோஷத்துக்குக் காரணம் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்குக் குட்ரூன் வீம்பு பிடித்தவராகத் தெரிவார். (வீம்பு பிடித்தவர்தான். ஆனாலும்.)

அதே வீடு, அதே மேசை, 1989. அவருடைய இருபத்தைந்தாவது பிறந்தநாள். கட்டடமே வந்திருந்தது. கணவன் டெட்லெஃப் அக்கார்டியன் வாசிக்கிறான், குட்ரூன் சமையலறையில் தட்டுகளை எடுக்கிறார். முன்னறையில் யாரோ தொலைக்காட்சியைப் போட்டார்கள். எல்லையைத் திறந்துவிட்டார்களாம் என்றார்கள். அப்போது அது கிழக்கு பெர்லின்; மேற்குக்குப் போகிற எல்லைப் பாலம் அந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். இரண்டிரண்டு பேராக எழுந்தார்கள். எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள், பார்த்துட்டு வந்துடறோம் என்று. கடைசியாக டெட்லெஃப் போனான். வீட்டுச் செருப்போடு போனான். வீட்டுச் செருப்போடு போகிறவன் எவ்வளவு தூரம் போய்விடுவான் என்று குட்ரூன் கவலைப்படாமல் இருந்தார்.

அவன் மேற்கே ஹனோவர் வரை போனான். அங்கேயே இருந்துவிட்டான்.

இந்த இடத்தை அழகாக எழுத ஆசைப்பட்டு, ஆளில்லாத மேசை நடுவே கறுப்புக்காட்டு கேக்கின் மேல் மெழுகுவர்த்திகள் உருகி வழிந்தன என்று எழுதியிருந்தேன். குட்ரூனுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை வாய்மொழியாகச் சொன்னேன். அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். (எங்கள் பேச்சு பெர்லின் தெருப்பேச்சு. நான் அதை எனக்கு வாய்த்த தமிழில் போடுகிறேன். அவர் என்னை நீ என்பார். நானும் அங்கே நீ என்றுதான் சொல்கிறேன், தமிழில் எனக்கு வாய் வரவில்லை.)

"கறுப்புக்காட்டு கேக்கா? அது மேற்குக்காரன் சமாச்சாரம். அன்னைக்கு அவ்ளோ செர்ரிப்பழத்துக்கு நான் எங்க போவேன்? நான் பண்ணினது குளிர்ந்த நாய்."

குளிர்ந்த நாய் என்பது ஒரு கேக்கின் பெயர். பிஸ்கட்டை அடுக்கி, கோகோவும் தேங்காய்க்கொழுப்பும் ஊற்றி, அடுப்பே இல்லாமல் இறுகவிடுவது. பெயர் ஏன் அப்படி என்று கேட்டால் இவர்களுக்கும் தெரியாது.

"மெழுகுவத்தியும் உருகல. நான்தான் ஊதி அணைச்சேனே."

"தனியாவா?"

"பின்ன எரிய விட்டுட்டு வீட்டக் கொளுத்தவா?"

அதற்குப் பிறகு அவர் அந்தத் தேதியில் வீட்டில் விளக்கே போடுவதில்லை. சாயங்காலமே படுத்துவிடுவார். சொல்லிக்கொள்ளவும் முடியாது. ஊரே கட்டிப்பிடித்து அழுத சந்தோஷ நாளில் என் புருஷன் போனான் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சந்தோஷத்தின் பக்கத்தில் நின்றால் அவர் அழுமூஞ்சி. நாஜிகள் இந்த வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொன்ற சாடெக் தாய், மகள் நினைவாக வாசலில் பதித்த கற்களின் பக்கத்தில் நின்றாலோ, அவர் துக்கம் ஒரு துக்கமா? இரண்டு பக்கமும் இடமில்லாமல் இத்தனை வருடம் இருட்டில் படுத்துக் கிடந்தார். அதை நினைக்க எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

அறுபதில் அவருக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. இதே கட்டடத்து ஆட்கள், இதே மேசையில், கேக் வெட்டித் தீர்கிற வரை எழுந்திருக்காமல் உட்கார வேண்டும். நீச்சல்குளத்துத் தோழிகளை இதற்காகவே அழைக்கவில்லை. அவர்களுக்கு அடுத்த வாரம் அங்கேயே ஏதாவது வாங்கிக்கொடுத்துவிடலாம். எழுந்து போனது இந்த வீடு. திரும்ப வந்து உட்கார வேண்டியதும் இந்த வீடுதான்.

5

இப்போது ஹெர் வெஸ்லிங். முதல் வரைவில் இவரை வில்லனாக்கினேன். வசதியாக இருந்தது. ஓய்வு பெற்ற வரி ஆலோசகர், மேற்கிலிருந்து வந்து குடியேறியவர், தபால்பெட்டியில் பெயரைக்கூட அளவுகோல் வைத்து ஒட்டியவர். கொஞ்சம் மூக்கைத் தூக்கிவிட்டால் போதும், வாசகருக்குப் பிடிக்காமல் போய்விடும். இரண்டு பக்கம் அப்படி எழுதிவிட்டுப் படித்தேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஏனென்றால் வாசலில் பதித்த அந்த இரண்டு பித்தளைக் கற்களையும் ஊர் மறந்தாலும் அவர் மறப்பதில்லை. உள்ளங்கை அகலக் கல். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த வருடம், கொண்டுபோன வருடம், கொன்ற இடம். ஒவ்வொரு நவம்பர் ஒன்பதும் இந்த நாட்டில் பலர் தங்கள் தெருக்கற்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மெழுகுவர்த்தி வைக்கிறார்கள். வெஸ்லிங் ஈரக்குளிரில் முட்டி போட்டுத் தேய்ப்பார். பெயரைச் சத்தமாகப் படிக்கும்போது அவர் குரல் ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் உடையும். இப்படிப்பட்டவரை எப்படி வில்லனாக்குவது?

தாள் ஒட்டிய வாரம் இருவரும் படியில் எதிர்ப்பட்டார்கள். குட்ரூன் கையில் வெண்ணெயும் பிஸ்கட்டும்.

"ஃப்ராவ் நோவாக், உங்களத் தடுக்க எனக்கு உரிமை இல்ல. அஞ்சு மணிக்கு மட்டும் பாட்ட நிறுத்தினீங்கன்னா போதும்."

"நிறுத்தறேன். நான் ஒண்ணு கேக்கவா ஹெர் வெஸ்லிங்? வருஷா வருஷம் அந்த நாள் என் வீட்ல லைட்டே எரியாது. கவனிச்சிருக்கீங்களா?"

"கவனிச்சிருக்கேன். எங்களோட கீழ வந்து நிக்காட்டியும், நீங்களும் ஒரு மாதிரி துக்கம் அனுசரிக்கிறீங்கன்னு நினைச்சுக்குவேன்."

"துக்கந்தான்" என்றார் குட்ரூன்.

வெஸ்லிங் தொப்பியை எடுத்துவிட்டுத் தலை குனிந்தார். குட்ரூனுக்கு உடம்பெல்லாம் கூசியது. சாடெக் அம்மாளுக்குச் சேர வேண்டிய மரியாதையை வீட்டுச் செருப்போடு ஓடிய ஒருவனுக்காக வாங்கிக்கொண்டது போலிருந்தது. இல்லை, நான் சொன்னது வேறு என்று வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை. குட்ரூன் மேலே போனார், வெஸ்லிங் கீழே போனார்.

(இங்கே இருவரில் ஒருவர் இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்கும் வேலை மிச்சம்.)

6

சனிக்கிழமை. மேசையில் நல்ல விரிப்பு. ஆறாமல் இருக்கக் காப்பியைக் குடுவையில் அடைத்துவிட்டார். கேக் நடுவில், கத்தி பக்கத்தில். கதவைத் திறந்து ஒரு செருப்பை முட்டுக்கொடுத்து வைத்தார். படிக்கட்டுக் குளிர் உள்ளே வந்து கால் விரைத்தது. அவர் மூடவில்லை.

மூன்று மணிக்குமேல் மூன்றாம் மாடி ஜோடி வந்தார்கள். நுரைக்கும் ஒயின் புட்டி ஒன்றும் நிறைய உற்சாகமும் கொண்டுவந்தார்கள். சுவர் திறந்தபோது நீங்கள் பாலத்தில் இருந்தீர்களா, எப்படி இருந்தது, அழுதீர்களா என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வீட்டில் இருந்தேன் என்றார் குட்ரூன். அடடா என்றாள் அவள், பாவப்பட்டு. பிறந்தநாள் என்று சொல்ல அதுதான் சமயம். குட்ரூன் கத்தியை எடுத்தார், கேக்கை வெட்டும்போது சொல்லிவிடுவோம் என்று.

அந்தப் பையன் கைப்பேசியைப் பார்த்தான். நகர நடுவில் சுவர் விழுந்த ஆண்டுவிழாக் கச்சேரி. இப்போதே கிளம்பினால்தான் இடம் கிடைக்கும்.

"பார்த்துட்டு வந்துடறோம், ஃப்ராவ் நோவாக். கேக்க மட்டும் எங்களுக்கு எடுத்து வைங்க."

[இது மட்டும் நான் கற்பித்ததாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இந்தக் கதையில் எது கற்பனை, எது இல்லை என்று கேட்க ஆரம்பித்தால் நாம் இருவருமே மாட்டிக்கொள்வோம். மேலே படியுங்கள்.]

குட்ரூன் கத்தியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். நாற்காலிகளை எண்ணாமல் பார்த்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. வழக்கமாக விளக்கைப் போடாமல் படுக்கப் போகிற நேரம். படுக்கையறை வரை போனார். போர்வையைக் கூடத் தூக்கிவிட்டார்.

தெருவில் ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. வெஸ்லிங்கின் வாளி கல்லில் இடித்தது. குட்ரூன் போர்வையை விட்டுவிட்டு, முன்னறை விளக்கைப் போட்டு, ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் கீழே இறங்கினார்.

7

ஏன் இறங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை. முதல் வரைவில், ஞானம் வந்ததுபோல் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவரிடமே கேட்டேன். "மேல ஒரு ஆளும் இல்ல, கீழ ஆள் இருந்தாங்க, அவ்ளோதான்" என்றார். இதைவிட நல்ல காரணம் எனக்கு எழுத வராது.

எட்டுப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். வெஸ்லிங் ஹெட்விக்கின் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குட்ரூன் பக்கத்தில் முட்டியை மடக்கி உட்கார்ந்தார். மடங்காத முட்டி, வலி உயிர் போயிற்று. இன்னொரு பஞ்சை எடுத்து லில்லியின் கல்லைத் தேய்த்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கறுப்பிலிருந்து வெளியே வந்தன. பெயருக்குக் கீழே பிறந்த வருடம் 1925. தேதி இல்லை.

"ஹெர் வெஸ்லிங், இந்தப் பொண்ணுக்குப் பொறந்தநாள் என்னைக்கு?"

அவர் கை நின்றது. இத்தனை வருடம் அவரிடம் நாடு கடத்தியதைக் கேட்டிருக்கிறார்கள், ரயிலைக் கேட்டிருக்கிறார்கள், முகாமைக் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை போல.

"மே பதினொண்ணு" என்றார். "எனக்குத் தெரியும். ஆனா அன்னைக்கு நான் எதுவும் செஞ்சதில்ல."

இருவரும் கொஞ்ச நேரம் தேய்த்தார்கள். பிறகு, பேச்சு அறுந்துவிடக் கூடாது என்ற மரியாதைக்கோ என்னவோ, அவர் கேட்டார்.

"உங்களுக்கு?"

"இன்னைக்கு" என்றார் குட்ரூன்.

வெஸ்லிங் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஏப்ரனைப் பார்த்தார். மேலே நான்காம் மாடியில் எரிந்த ஒரே விளக்கைப் பார்த்தார். அந்தத் தாள் முழுவதும் அவர் முகத்தில் ஓடுவது தெரிந்தது, தன் சாய்வெழுத்து வரி உட்பட. நின்றிருந்தவர்களுக்கும் கேட்டுவிட்டது. பிறந்தநாள் என்று காதில் விழுந்தால் கையைப் பற்றி வாழ்த்தியே ஆக வேண்டும், அது இங்கே எழுதாத சட்டம். ஆனால் அந்த இரண்டு கற்களுக்கு மேல் நின்றுகொண்டு, அந்தத் தேதியில், மகிழ்ச்சி என்ற சொல்லை எந்த வாயால் சொல்வது? வெஸ்லிங் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தார். வாயைத் திறந்தார்.

8

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், எல்லோரும் மெழுகுவர்த்திகளைக் கையில் ஏந்தி வரிசையாக மாடி ஏறுகிறார்கள். மறுநாள் காலையில் படித்தபோது பல் கூசியது. இரண்டாவதில், எவரும் ஏறவில்லை; வெஸ்லிங் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பெயர்களைப் படிக்கத் தொடங்குகிறார். இதை எழுதிவிட்டு எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவதில், மேலே திறந்த கதவருகே நரைத்த டெட்லெஃப் நிற்கிறான். இதைக் குட்ரூனிடம் முழுதாகச் சொல்லக்கூட முடியவில்லை.

"அந்தாள என் வீட்டுக்குள்ள விட்டா, உன்னை நான் விடமாட்டேன்."

சரி, அப்படியானால் நடந்ததையே எழுதிவிடுகிறேன், சொல்லுங்கள் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பா வேறேதுமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

"அந்தத் தேதில நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்துல சொல்லித்தராங்க. இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டுமே."

இருக்கட்டும். ஆகவே நான் எழுதவில்லை. இதோ, வெஸ்லிங் இன்னும் வாயைத் திறந்தபடியே இருக்கிறார். குட்ரூன் சுவரைப் பிடித்து எழுந்துவிட்டார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே திரும்பி, முதல் படியில் கால் வைத்துவிட்டார். முட்டி வலியால் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுவார். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் காது அங்கேதான் இருக்கும்.

நடைபாதையில் நின்ற அந்த எட்டுப் பத்துப் பேரில் நீங்களும் ஒருவர். எனக்கு முடிவு எழுத வராமல் இல்லை. எழுதிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், எனக்கு அதுதான் பயம். கதை முடிந்ததும் எல்லோரும் செய்கிற காரியம் அது. உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்.

மேலே கதவு திறந்துதான் இருக்கிறது. போகலாம், யாரும் பிடித்து வைக்கவில்லை. ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.